மடியில் கனம்

அமெரிக்காவில் வசிக்கும் நண்பர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு சம்பவத்தைச் சொன்னார். வேடிக்கைக் கதை சொல்கிற தோரணையில்தான் சொன்னார். இரவு பத்து மணிக்கு மேல். நெடுஞ்சாலை. காரின் பின்விளக்குகளில் ஒன்று எரியவில்லை என்று போலீஸ்காரர் நிறுத்துகிறார். லைசென்ஸ், காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. எச்சரித்து அனுப்பப்போகிற சமயம், வண்டியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்கிறார். நண்பர் ‘சரி’ என்கிறார். அதற்குப் பின் இருபது நிமிஷம், சாலையோரம், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். டிக்கியில் இருந்தவை ஒவ்வொன்றாகப் புல்லின் மேல் இறக்கப்பட்டன. மகளின் பள்ளிக்கூடப் பை, அதற்குள் அவள் வரைந்து வைத்திருந்த படங்கள், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த சாம்பார்ப் பொடி. பொடியை முகர்ந்து பார்த்த போலீஸ்காரர் தும்மினார் என்ற இடத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ‘மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை’ என்று முடித்தார் நண்பர்.

பிறகு, வேறு ஏதோ பேச்சில், இப்போதெல்லாம் அந்தச் சாலையில் போவதில்லை, சுற்றுவழியில்தான் வீடு திரும்புகிறேன் என்றார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நான்தான் சேர்த்துப் பார்க்கிறேன். கனமில்லாத மடிக்கு வழியில் பயம் எங்கிருந்து வந்தது?

அந்தப் பழமொழி வழிப்பறிக் காலத்தது. அதில் வருகிற பயம் கள்ளனைப் பற்றிய பயம். மடியில் ஒன்றுமில்லாதவனிடம் கள்ளனுக்கு வேலையில்லை, விட்டுவிடுவான். நண்பர் நின்ற இடத்தில் நிலைமை தலைகீழ். மடியில் ஒன்றுமில்லை என்பதை அவர்தான் நின்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ‘சோதனை’ என்ற நம் சொல் இதை முன்பே தெரிந்து வைத்திருக்கிறது. தேடுதலுக்கும் அதுதான் பெயர், பரீட்சைக்கும் அதுதான், விதி தரும் துன்பத்துக்கும் அதுதான்.

1

அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் 1791இல் வந்தது. மனிதனின் உடல், வீடு, காகிதங்கள், உடைமைகள் ஆகியவற்றை அரசு நியாயமின்றித் துழாவக் கூடாது என்கிறது அது. வண்டி அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. மோட்டார் கார் பிறந்த பிறகு, அது வீட்டைப் போன்றதா, வேறு ஏதாவதா என்ற கேள்வி வந்தது. 1921 டிசம்பரில், மதுவிலக்கு அமலில் இருந்தபோது, டெட்ராய்ட்டுக்கும் கிராண்ட் ராப்பிட்ஸுக்கும் இடையே அதிகாரிகள் ஒரு காரை நிறுத்தினார்கள். இருக்கையின் மெத்தைக்குள் 68 பாட்டில் விஸ்கியும் ஜின்னும் இருந்தன. வாரண்ட் கிடையாது. இதுதான் காரல் வழக்கு. 1925இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டாஃப்ட் அதற்கு முன் ஜனாதிபதியாக இருந்தவர். அவருடைய தர்க்கம் எளிமையானது. வீடு இருந்த இடத்தில் இருக்கும், வண்டி ஓடிவிடும். மாஜிஸ்திரேட்டிடம் போய்த் திரும்புவதற்குள் எல்லை தாண்டியிருக்கும். ஆகவே வாரண்ட் வேண்டாம். ஆனால் வண்டிக்குள் குற்றப்பொருள் இருக்கிறது என்று நம்பத் தகுந்த காரணம் வேண்டும்.

இந்தத் தர்க்கம் பிறகு வெகுதூரம் போயிற்று. 1985இல் ஒரு மோட்டார் வீடு கோர்ட்டுக்கு வந்தது. படுக்கையும் சமையலறையும் சக்கரங்களும் கொண்ட அது ஸான் டியேகோ நகரத்து வாகன நிறுத்துமிடம் ஒன்றில் நின்றிருந்தது. அது வண்டிதான், வீடல்ல என்று முடிவாயிற்று. மூன்று நீதிபதிகள் ஒப்பவில்லை.

இதோடெல்லாம் சண்டை போடலாம். இருந்தும் இதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நான் தேடப்போகிறேன் என்கிறது அரசு. காரணம் என்னுடையது, நாளை அதற்கு நான் பதில் சொல்வேன் என்கிறது. பலவந்தம் தன் பெயரிலேயே வருகிறது.

நண்பருக்கு நேர்ந்தது இந்த வகையைச் சேர்ந்ததில்லை. எரியாத பின்விளக்கு டிக்கியைத் திறக்கக் காரணமாகாது. வேகமாக ஓட்டியதற்கு அபராதச் சீட்டுக் கொடுத்ததனால் மட்டும் வண்டியைச் சோதிக்கும் உரிமை வந்துவிடாது என்று அந்தக் கோர்ட்டே 1998இல் ஏகமனதாகச் சொல்லியிருக்கிறது. காரணம் கையில் இருப்பவன் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. பார்க்கலாமா என்று அவர் கேட்டதே, காரணம் இல்லை என்பதற்கு அடையாளம். கேட்கப்படுகிறவன் ஒருவனுக்குத்தான் இது தெரியாது.

2

1973இல் தீர்ப்பான ஷ்னெக்லாத் வழக்கு இந்த இடத்தைத் தொட்டது. கலிஃபோர்னியாவில் ஸன்னிவேல் என்ற ஊர். நள்ளிரவு தாண்டி இரண்டே முக்கால் மணி சுமாருக்கு ஒரு காரைப் போலீஸ்காரர் நிறுத்துகிறார். ஹெட்லைட் ஒன்று எரியவில்லை, நம்பர் பிளேட் விளக்கும் எரியவில்லை. உள்ளே ஆறு பேர். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை. ஒருவரிடம் மட்டும் இருக்கிறது, கார் தன் சகோதரனுடையது என்கிறார் அவர். எல்லோரும் இறங்குகிறார்கள். மேலும் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து சேர்கிறார்கள். வண்டியைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக என்ற பொருளில் பதில் வருகிறது. அவரே டிக்கியையும் திறந்துவிடுகிறார். பின்சீட்டுக்கு அடியில் கசங்கிய மூன்று காசோலைகள், திருட்டுப் போனவை. எல்லாம் சுமுகமாக நடந்தது, யாரும் யாரையும் மிரட்டவில்லை என்று சாட்சியம்.

மறுக்கலாம் என்று தெரியாதவன் தருகிற சம்மதம் சம்மதமா? ஆறு நீதிபதிகள் சார்பில் பாட்டர் ஸ்டூவர்ட் எழுதினார். சம்மதம் வற்புறுத்தலின்றித் தரப்பட்டதா என்பதைச் சந்தர்ப்பம் முழுவதையும் கொண்டு முடிவு செய்ய வேண்டும். மறுக்கும் உரிமையை அவன் அறிந்திருந்தானா என்பது அதில் ஓர் அம்சம், அவ்வளவுதான். அதைப் போலீஸ் சொல்லத் தேவையில்லை, சாலையோரத்தில் அது நடைமுறைக்கு ஒவ்வாது. காவலில் வைத்து விசாரிக்கப்படுகிறவனிடம் அவன் உரிமையைச் சொல்லியாக வேண்டும் என்று அதே கோர்ட் விதித்து அப்போது ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. மூன்று பேர் மாறுபட்டார்கள். அவர்களில் தர்குட் மார்ஷல், இதற்கு உண்மையான பெயர் மக்களின் அறியாமையைப் போலீஸுக்கு முதலாக்கிக் கொடுப்பது என்ற பொருள்பட எழுதினார். அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

ஸ்டூவர்ட்டின் தீர்ப்பில் எங்களைப் போன்றவர்கள் நின்று கவனிக்க வேண்டிய ஓரிடம் உண்டு. சுய விருப்பம் என்றால் என்ன என்பதற்கு மொழியியலும் சரி, அறிதல் பற்றிய தத்துவமும் சரி, தயாரான விளக்கம் எதையும் தராது என்கிறார். மொழியைக் கூப்பிட்டு, விசாரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

மொழி சொல்லக்கூடியது கொஞ்சம் உண்டு. நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அறிவதற்காகக் கேட்பது ஒன்று. ஒரு பொருளைப் பெற்றுக்கொள்ளக் கேட்பது ஒன்று, அது கொளல் வினா. ஏவுவதற்காகக் கேட்பது இன்னொன்று, அது ஏவல் வினா. ‘விளக்கை அணைத்தாயா’ என்று அம்மா கேட்டால், அணைத்தாயா என்று தெரிந்துகொள்வது அவள் நோக்கமாக இருக்காது. உருவத்தில் வினா, காரியத்தில் கட்டளை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வாக்கியத்தின் சொற்கள் அல்ல, யார், யாரிடம், எந்த ஸ்திதியில் கேட்கிறார்கள் என்பது. இடுப்பில் துப்பாக்கி, கையில் டார்ச், பின்னால் சுழலும் விளக்கு, நிறுத்தப்பட்ட வண்டி, இவற்றுக்கு நடுவே நின்று ‘பார்க்கலாமா’ என்று கேட்கிற போலீஸ்காரர் ஏவல் வினா கேட்கிறார். கோர்ட் அதைக் கொளல் வினா என்று படிக்கிறது. அந்த ஆள் விரும்பிக் கொடுத்தான் என்று எழுதுகிறது. ஒரு வாக்கியத்தைத் தவறாகப் படித்ததன் மேல் ஐம்பது வருஷத்துச் சட்டம் நிற்கிறது.

விடையின் பக்கம் நம்முடைய ‘சரி’ இருக்கிறது. ‘நீ சொல்வது உண்மை’ என்பதற்கும் சரி, ‘நான் ஒப்புகிறேன்’ என்பதற்கும் சரி, ‘கேட்டுக்கொண்டேன்’ என்பதற்கும் சரி, ‘இனி என்ன செய்வது’ என்பதற்கும் சரி. நண்பர் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் உள்ளே சொன்னது இந்தச் ‘சரி’யாகத்தான் இருக்கும், இதில் கடைசி வகை.

3

ஓஹையோ மாநிலத்தில் 1992இல் ஒரு நிறுத்தம். மணிக்கு 45 மைல் என்ற இடத்தில் 69 மைல் வேகத்தில் போனவர் நிறுத்தப்படுகிறார். எச்சரிக்கை தந்து லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. விஷயம் முடிந்துவிட்டது. அப்போது, போவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி என்று தொடங்கி, வண்டியில் சட்டவிரோதமாக ஏதாவது உண்டா, பார்க்கலாமா என்று கேட்கிறார் அதிகாரி. கொஞ்சம் கஞ்சாவும் ஒரு மாத்திரையும் கிடைத்தன. நீங்கள் இப்போது போகலாம் என்று சொன்ன பிறகுதான் இப்படிக் கேட்க வேண்டும் என்று ஓஹையோ நீதிமன்றம் விதித்தது. 1996இல் சுப்ரீம் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. முடிவோடு ஒத்துப்போன நீதிபதி கின்ஸ்பர்க், தனியே எழுதிய குறிப்பில் ஓர் எண்ணைப் பதிவு செய்தார். வேறொரு வழக்கில் இதே அதிகாரி தந்த சாட்சியத்தின்படி, அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அவர் 786 நிறுத்தங்களில் சோதனைக்குச் சம்மதம் கேட்டிருக்கிறார்.

எத்தனை பேர் ‘சரி’ சொன்னார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. ஆனால் ஒரு கேள்வி ஒரே வாயிலிருந்து வருஷத்தில் 786 தடவை வந்தால் அது கேள்வியாக இருப்பதை விட்டு ஓர் இயந்திரத்தின் பாகமாகிவிடுகிறது.

யாரை நிறுத்துவது என்பதையும் சட்டம் பெரும்பாலும் அதிகாரியின் கையில் விட்டிருக்கிறது. சிறியதோ பெரியதோ ஒரு போக்குவரத்து மீறல் இருந்தால் போதும், நிறுத்தியதன் உண்மை நோக்கம் என்ன என்று கேட்கமாட்டோம் என்று 1996இல் இன்னொரு வழக்கில் கோர்ட் ஏகமனதாகச் சொன்னது. சாலை விதிகளோ எண்ணிறந்தவை, ஒன்றையும் மீறாமல் பத்து மைல் ஓட்டுகிறவர் அபூர்வம். அங்கே சுமார் 10 கோடி நிறுத்தங்களின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. ஓட்டுகிறவரின் நிறம் தெரியாத இருட்டில், நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பர்களின் விகிதம் குறைகிறது என்று அது கண்டது. கறுப்பர்களையும் ஹிஸ்பானியர்களையும் சோதிக்க, வெள்ளையர்களைச் சோதிப்பதைவிடக் குறைந்த சந்தேகமே போதுமானதாக இருந்திருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கப்படவில்லை. ‘மாட்டேன்’ என்றால் என்ன ஆகும் என்ற பயமும் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க முடியாது.

4

தத்துவத்தில் இந்தச் சாலை பழையது. அரசாங்கத்துக்கு மனிதன் எப்போது சம்மதம் கொடுத்தான் என்று கேட்ட ஜான் லாக், 1689இல் வெளியான தம் நூலில், சொல்லாமலே தரப்படும் சம்மதம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். நாட்டின் நெடுஞ்சாலையில் சுதந்திரமாகப் பயணம் போகிறவன்கூட அந்தப் பயணத்தாலேயே சம்மதித்தவனாகிறான் என்பது அவர் தந்த உதாரணங்களில் ஒன்று. டேவிட் ஹ்யூம் 1748இல் பதில் சொன்னார். தூங்கும்போது தூக்கிக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலில் குதிக்காமல் இருக்கிறான் என்பதால் மாலுமியின் ஆதிக்கத்துக்குச் சம்மதித்துவிட்டான் என்று சொல்வீர்களா?

சாலையோரத்தில் கடல் எங்கே என்று கேட்கலாம். மறுத்தால் குதிக்க வேண்டியதில்லை, வண்டியில் ஏறிப் போய்விடலாமே. சட்டப் புத்தகத்தில் அப்படித்தான். மோப்ப நாய்க்காகக் காரணமின்றி ஏழெட்டு நிமிஷம் நிறுத்தி வைத்ததும் தவறு என்று 2015இல் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் இரவில் நிற்கிறவனிடம் 2015ஆம் வருஷத்துத் தீர்ப்பு இல்லை. அவனிடம் இருப்பது ஓர் ஊகம். ‘இல்லை என்றால் இவருக்குக் கோபம் வரும்.’ அந்த ஊகம்தான் கடல்.

இங்கே ஒரு பலமான ஆட்சேபணை உண்டு. வளர்ந்த மனிதனின் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அவனுக்குத் தரும் மரியாதை, அவன் சொன்னது ஒன்று, உள்ளே நினைத்தது வேறு என்று நாம் சொல்வது அவனைக் குழந்தையாக்குவது. ‘எடுத்துப் பாருங்கள்’ என்று மனமாரச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் பயந்தவர்கள் என்று எந்த உரிமையில் சொல்கிறாய்?

இதை என்னால் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. வார்த்தையை மதிப்பது எங்கள் தொழில். ஆனால் ஒரு வார்த்தையை மதிப்பதென்றால், அது சொல்லப்பட்ட இடத்தில் வேறு என்ன வார்த்தை சொல்லக் கிடைத்தது என்று பார்ப்பதும் அதில் சேர்ந்தது. ‘இல்லை’ என்பது புழக்கத்தில் இல்லாத இடத்தில் ‘ஆம்’ என்பதற்கு மதிப்பில்லை. மனமாரச் சொன்னவருக்கும் இதில் நஷ்டம்தான். அவருடைய உண்மையான ‘ஆம்’, பயந்தவனின் ‘ஆம்’மிலிருந்து பிரித்தறிய முடியாததாகிவிடுகிறது.

இன்னொரு ஆட்சேபணை, கடத்தப்பட்ட குழந்தை டிக்கியில் இருந்தால்? இதற்கு நான் பதில் தேட வேண்டியதில்லை, ராபர்ட் ஜாக்ஸன் 1949இலேயே எழுதிவிட்டார். நூரம்பர்க் விசாரணையில் அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞராக இருந்து திரும்பிய நீதிபதி. சாராயக் கடத்தல் வழக்கொன்றில் மாறுபட்டு எழுதியபோது சொன்னார். குழந்தை கடத்தப்பட்டால் சுற்றிலும் சாலைகளை மறித்து எல்லா வண்டிகளையும் சோதிப்பதை ஏற்க முயல்வேன், சில பாட்டில் சாராயத்துக்காக அதை ஏற்கமாட்டேன். கோர்ட்டின் பார்வைக்கு வருவது பொருள் கிடைத்த சோதனைகள் மட்டும், ஒன்றும் கிடைக்காமல் விடப்பட்ட நிரபராதிகள் அங்கே வருவதேயில்லை என்பதையும் அவர் நினைவுபடுத்தினார். சாம்பார்ப் பொடி எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறாது.

ஜாக்ஸன் சொன்ன மறியல் பகிரங்கமானது. அதற்கு ஒரு காரணம் உண்டு, பொறுப்பேற்க ஆள் உண்டு. சம்மதத்தின் பெயரில் நடக்கும் சோதனையில் நிகழ்வது வேறு. செயலின் கர்த்தா மாறிவிடுகிறான். போலீஸ்காரர் வண்டியைச் சோதித்தார் என்ற வாக்கியம், நண்பர் வண்டியைச் சோதிக்கக் கொடுத்தார் என்று திருத்தி எழுதப்படுகிறது. தன் மகளின் படங்கள் புல்லில் கிடந்ததற்கு எழுவாய் அவரே. இதனால்தான் அவருக்குக் கோபப்படவும் இடமில்லை. யார்மேல் கோபப்படுவது? பலவந்தத்துக்கு ஆளானவன் ‘எனக்குச் செய்தார்கள்’ என்று சொல்லலாம். இவருக்கு அந்த வாக்கியமும் கிடையாது. வேடிக்கைக் கதைதான் மிச்சம்.

5

மறுக்கலாம் என்று தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நண்பரைக் கேட்டேன். ஆவேசமான பதில் ஒன்றை எதிர்பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்பவும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்’ என்றார்.

இந்தப் பதில் என் கட்டுரையைக் கெடுத்தது. அதுவரை மார்ஷலின் பக்கம் நின்று, சொல்லிவிட்டுக் கேட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அறியாமை போனால் பயமும் போய்விடும் என்பது படித்தவர்களின் நம்பிக்கை. அமெரிக்காவிலேயே இதைக் கடந்து யோசித்த ஓர் இடம் இருக்கிறது. நியூ ஜெர்ஸி மாநில உச்ச நீதிமன்றம், தன் மாநில அரசியல் சட்டத்தைக் கொண்டு, சம்மதம் தந்தவனுக்கு மறுக்கும் உரிமை தெரிந்திருந்ததை அரசு காட்ட வேண்டும் என்று 1975இல் சொன்னது. 2002இல் இன்னும் ஓரடி போயிற்று. போக்குவரத்துக்காக நிறுத்தப்பட்டவரிடம், தகுந்த சந்தேகம் இல்லாமல் சம்மதம் கேட்கவே கூடாது என்றது. முதல் தீர்ப்பு விடை சொல்கிறவனைத் திருத்தப் பார்த்தது. இரண்டாவது, கோளாறு கேள்வியில் இருப்பதைக் கண்டது. நண்பரின் பதிலுக்குப் பிறகு இரண்டாவதே சரியென்று எனக்குப் படுகிறது. மரியாதை தெரிந்த மனிதனை ‘மாட்டேன்’ சொல்லப் பழக்குவதைவிட, அதிகாரத்தைக் கேட்காமலிருக்கப் பழக்குவது நியாயம்.

இது அந்நிய நாட்டுப் பிரச்னை என்று ஒதுங்கிவிடவும் முடியாது. நான்காவது திருத்தத்தை நம் சுப்ரீம் கோர்ட் 1954இலேயே எடுத்துப் பார்த்து, அதைப் போன்றது நம் அரசியல் சட்டத்தில் இல்லை, இறக்குமதி செய்ய முடியாது என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் நம்மிடம் உண்டு. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, உடலைச் சோதிக்கும் முன், ஒரு மாஜிஸ்திரேட் அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரியின் முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உண்டு என்று அந்த ஆளிடம் சொல்லியாக வேண்டும். 1999இல் கோர்ட் இதை உறுதி செய்தது. ஆனால் கையில் இருக்கும் பை உடல் ஆகாது என்று 2005இல் விளக்கம் வந்தது. வண்டியும் ஆகாது. உடம்பிடம் சொல்ல வேண்டும், பையிடம் வேண்டாம். ஒரு மனிதன் எங்கே முடிகிறான், அவன் பை எங்கே தொடங்குகிறது என்று சட்டத்துக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மகளின் பைக்குள் கை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அது தெரியவில்லை.

நண்பர் திரும்பிப் போய்விட்டார். பின்விளக்கை மறுநாளே மாற்றிவிட்டாராம். ஒன்று போதாதென்று இரண்டையுமே மாற்றியிருக்கிறார். இருந்தாலும் ஆபீஸிலிருந்து புறப்படுமுன் தினமும் ஒரு தடவை வண்டியின் பின்னால் போய், இரண்டும் எரிகின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார், சுற்றுவழியில்.